நிற்கிற குடும்பம்

குன்னத்துகால் துணிக்கடையில் விற்பனைப் பெண்கள் உட்காருவதற்கென்று வாங்கிய ஸ்டூல்கள், சோதனைக்கு வந்த தொழிலாளர் துறை அதிகாரி திரும்பிப் போன அன்றே மாடி குடோனுக்குப் போய்விட்டன. இன்றைக்குத்தான் கீழே இறங்கின. கடையின் கலாசாரத்தையே மாற்றப்போவதாக முதலாளியின் மகன் ஸ்ரீஹரி கூட்டம் போட்டிருந்தான். ஸ்டூல்களில் அவனும் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருக்க, பெண்கள் சுவரோரம் நின்றார்கள்.

"இனி இஞ்ச முதலாளி, தொழிலாளி கிடையாது. நாம ஒரே குடும்பமாக்கும். மனசுல உள்ளத தைரியமா சொல்லுங்க."

வீங்கிய காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்த சரோஜத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலத்தே ஒம்பது மணி தொட்டு நாங்க நின்ன நிப்பாக்கும் சார். எந்தக் குடும்பத்துல இப்பிடி உண்டு?"

"நல்ல கேள்வி!" அவன் கைதட்டினான். சொந்தக்காரர்களும் தட்டினார்கள். "அடுத்த மீட்டிங்ல பேசலாம்."

அந்தக் கைதட்டலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அப்படியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, பட்டுச்சேலை கேட்டு ஒரு கல்யாண வீட்டார் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். ஸ்ரீஹரி பதறினான். "சரோஜம் சேச்சி, எழும்புங்க, ஆளு வந்தாச்சு!"

சரோஜம் அசையவில்லை.

"குடும்பந்தானே மக்கா? இன்னைக்கு நீ எழும்பி சேலைய எடுத்துக் காட்டு."