மூச்சு இருந்துச்சு, மதர்

உள்ளங்கையைக் குழித்து அள்ளினால் மூன்று முறை ஊற்றத்தான் தண்ணீர் தங்கும், அது போதும், பிறந்த பிள்ளையின் நெற்றி வெற்றிலையில் பாதிகூட இல்லை, எனாமல் பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பிரசவ வார்டின் சிவப்புத் தரையில் நான் ஓடுகிறேன், பின்னாலேயே மதர் கொலெத்தின் குரலும் ஓடிவருகிறது, கடல் தாண்டி வந்து புத்தகத்தில் படித்த தமிழ் அது, சாகப்போகிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாரைத் தேட நேரமில்லை மகளே, யார் கொடுத்தாலும் செல்லும், உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ‘நீ உயிரோடிருந்தால்’ என்று முன்னால் சேர்த்துக்கொள், செத்துப் பிறந்ததற்கு மட்டும் கொடுக்காதே, பாவம். சரிங்க மதர் என்று தலையாட்டினேன், பீத்துணி அலசுகிற கை, பினாயிலில் வெந்த கை, அந்தக் கையால் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊற்றினேன், அந்த ‘இருந்தால்’ என்பதை ஒரு நாளும் சேர்த்ததில்லை. சேர்த்தால் பிள்ளை சந்தேகக் கேஸ் ஆகிவிடும், ஞானஸ்நானம் இல்லாத வேதக்காரப் பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, மணி இல்லை, பேர் இல்லை, பிணவறைக்குப் பின்னால் சாக்கடையோரம் பழைய துணியில் சுற்றிப் புதைக்கவேண்டும், குழி வெட்டுகிறவளும் நானே. அப்படிப் பத்துப் பதினைந்து குழி வெட்டியது போதும் என்று பொய் சொன்னேன். நீலம் பாரித்துப் பிறந்ததைக் கையில் வாங்கி, தண்ணீர் ஊற்றி, காலண்டரில் அன்றைக்கு எந்தப் புனிதரோ அவர் பேரை வைத்து, மூச்சு இருந்துச்சு மதர் என்பேன், மதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதுவார், பெற்றவள் கட்டிலில் கிடந்தபடி என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள், நெசமா ஆயா, நெசமாத்தா, ஒரு கொட்டாவிகூட விட்டுச்சு.

ஒலிபெருக்கியில் இப்போது ஆஸ்பத்திரியின் வரலாற்றை வாசிக்கிறார்கள், நூறாம் ஆண்டு விழா, காலரா வருசத்தில் புகையிலைக் கிட்டங்கியில் நாலு கட்டிலோடு தொடங்கியதாம், மாட்டுவண்டியில் எக்ஸ்ரே பெட்டி வந்ததாம், சுண்ணாம்புச் சட்டி சுமந்து இந்தப் பிரசவ வார்டை எழுப்பிய என் அம்மா அதில் இல்லை, வாசிக்கட்டும், எனக்குப் பொன்னாடை போர்த்தப் பேர் கூப்பிடுகிறார்கள், கூப்பிடட்டும், நான் பிணவறைக்குப் பின்னால் நித்தியகல்யாணிச் செடிகளுக்கு நடுவே பேசினோடு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே மண் அள்ளும் எந்திரம் உறுமிக்கொண்டு நிற்கிறது, ஸ்கேன் கட்டடத்துக்கு அஸ்திவாரம். யாத்தே, எந்திரி ஆயா, மேல பட்டுச்சுன்னா எம்பொழப்புப் போயிரும் என்று டிரைவர் வீரணன் கத்துகிறான். பட்டா என்னடா, ஆஸ்பத்திரி பக்கந்தான என்கிறேன், சிரித்துவிட்டு எந்திரத்தை அணைக்கிறான்.

அந்தக் காலத்தில் ஒருநாள், தரைத்துணியைப் பிழியும்போதுதான் எனக்கே பிரசவ வலி கண்டது, மத்தியான வெயில், நான் தேய்த்த தரையிலேயே நடந்து போய் நான் விரித்த கட்டிலிலேயே படுத்தேன், பெண்பிள்ளை, அழவில்லை, பேசின் எடுங்க மதர் என்று கத்துகிறேன், மதர் குனிந்து அதன் நெஞ்சில் காதை வைக்கிறார், வைத்தவர் எடுக்கவே இல்லை, எடுத்தபோது கன்னமெல்லாம் ஈரம். மூச்சு இருந்துச்சு மதர். இல்லை மகளே. இருந்துச்சு மதர், நீங்க எழுதுங்க. மற்றதெல்லாம் நீ சொன்னாய், நான் எழுதினேன், இதை நானே பார்த்துவிட்டேனே. அன்றைக்குத்தான் தெரிந்தது, என் பொய் அத்தனையும் அவருக்குத் தெரியும். தெரிந்தவர் எனக்காக ஒன்று சொல்லக்கூடாதா, சொல்லவில்லை, மூன்றாம் நாள் நான் எழுந்து வந்து இந்த மண்ணைத் தடவியபோது இன்னும் பொதபொதவென்றுதான் இருந்தது, அதில்தான் முதல் செடியை ஊன்றினேன்.

சால்வையும் கையுமாக ஃபாதர் பெலிக்ஸ் வேகமாக வருகிறார், என் பேரன் வயது, என்ன ஆயாம்மா, மேடையில எல்லாரும் காத்திருக்காங்க. அத மடிச்சு வைங்க சாமி, இங்க எம்மக கெடக்கா, அவகூட இன்னும் பத்துப் பதினஞ்சு கெடக்கு. நீங்க கேட்டப்பவே ரிஜிஸ்தர பாத்தேன் ஆயாம்மா, செத்துப் பிறந்ததுன்னுதான இருக்கு. எழுதுனவங்க பெத்தாங்களா, நான் பெத்தேன், மூச்சு இருந்துச்சு சாமி, கொட்டாவிகூட விட்டுச்சு, இந்த மண்ண அள்ளிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்க, மணியடிங்க, பேர் வெட்டுங்க, அப்பறம் ஸ்கேன் கட்டடம் கட்டுங்க, கல்லு நான் சுமக்குறேன், அதுவரைக்கும் இந்த வண்டி என்மேல ஏறித்தான் போகணும். ஃபாதர் வாயைத் திறக்குமுன் வீரணன் இருக்கையிலிருந்து குதிக்கிறான், ஆமாங்க சாமி, மூச்சு இருந்துச்சு, நானும் பாத்தேன். யோவ், உனக்கே முப்பது வயசு ஆகல, நீ எங்கய்யா பாத்த. பாத்தேன்னா பாத்தேங்க, இனிமே என் கை இந்த நெம்புகோலத் தொடாது.

மேடையில் என் பேரை இரண்டாம் தடவை கூப்பிடுகிறார்கள். ஃபாதர் செடிகளைப் பார்க்கிறார், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு முழம் தள்ளி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கிறார், உங்க மக பேரு என்ன. அமலோற்பவம், முதல்ல அவள எழுதுங்க, மத்ததுகளுக்கு அன்னன்னைக்குப் புனிதர் பேரா ஒண்ணொண்ணா சொல்றேன், பொறந்த நாளு எனக்கு மறக்கல.

குழித்த கையில் மூன்று முறைக்குத்தான் தங்கும், இன்றைக்குக் கை எதற்கு, பேசினையே சாய்க்கிறேன், அமலோற்பவம், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன், முன்னால் எதையும் சேர்க்கவில்லை, வெயிலில் வெடித்துக் கிடந்த மண் தண்ணீரை உறிஞ்சுகிறது, உறிஞ்சிக் குபுகுபுவென்று குமிழி விடுகிறது, பாத்துக்கங்க சாமி.