ஏழு விழக்கூடாது

...வெட்கங்கெட்ட மனிசன், பிள்ளையின்ர பிளேன் ரிக்கற் காசிலயா கைவைக்கிறது, வெறும் கோப்பி ரின்னைப் பார்த்ததிலயிருந்து செலஸ்ரீனாவுக்கு வயிறு பத்தி எரியுது, பன்ரண்டு லட்சம் லீரா, பொலிதேயாமாப் பக்கம் வேலைசெய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ர சட்டையள் அயன் பண்ணிப் பண்ணிச் சேர்த்தது, மன்னாரில மாமியோட நிக்கிற மகள் மொனிகாவை வாற மாசம் கூப்பிட, அந்தக் காசை மனிசன் கிறிகோரி தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், வேற எங்கை, துறைமுகத்தடிக் கால்சாவில டெனிஸ்டன்ர அறைக்குத்தான், கப்பலில சூதாடுற மண்டபத்தில கிளாஸ் கழுவின டெனிஸ்டன் இப்ப எல்லாருக்கும் குருவாம்... வியாழக்கிழமை பின்னேரம், கிழமையில கிடைக்கிற ஒரே அரைநாள் லீவு, அதையும் இப்பிடி நாசமாக்குறான், நான் என்ன பாவம் செய்தன்?

டெனிஸ்டன்ர அறைக் கதவைத் தள்ளினாள். மேசையில எண்ணெய்ச்சீலை, அதில சோக்கால கீறின ரெண்டு பெட்டி, ஆறு பக்கமும் புள்ளி போட்ட ரெண்டு தாயக்கட்டை, கிறிகோரியின்ர முழிசல். பாதி போயிட்டுதாம், மிச்ச ஆறு லட்சத்தை வைச்சுப் போனதை எடுத்துத் தருவாராம். "நீங்கள் எடுத்துக் கிழிச்சது காணும், தள்ளுங்கோ, நான் எறியிறன்" எண்டாள், வாயில நீங்கள், மனசில வேற சொல்லு. ஏன் அப்பிடிச் சொன்னாள்? இழுத்துக்கொண்டு போகத்தானே வந்தவள்... ஆனா இழுத்துக்கொண்டு போனா போன பாதி ஆர் தருவினம், இந்த டெனிஸ்டனோ?

டெனிஸ்டன் பதவிசாச் சொல்லிக்குடுத்தான். "முதல் எறியில ஏழு, பதினொண்டு வந்தா வெற்றி அக்கா. ரெண்டு, மூண்டு, பன்ரண்டு வந்தா போச்சு. வேற எது விழுந்தாலும் அதையே திரும்ப விழுத்தவேணும், அதுக்கு முந்தி ஏழு வந்தா தோல்வி, முடிஞ்சுது." இதென்ன விசர் விளையாட்டு, முதல் எறியில தூக்கிக் கொண்டாடின ஏழு அடுத்த எறியில சனியனாம், கலியாணத்தண்டு மாப்பிள்ளை எண்டு மாலை போட்ட மனிசன் மாதிரி... இஞ்சாலப் பெட்டியில வைச்சா எறியிற ஆள் வெல்லவேணும், அங்காலப் பெட்டியில வைச்சா தோற்கவேணும். ஆர் அறுவான் தோற்கவேணும் எண்டு காசு வைப்பான்? கிழமைச் சம்பளத்தில அம்பதாயிரத்தை இஞ்சால அடிச்சு வைச்சாள். பின்னால கிறிகோரி தாளை எண்ணி வைக்கிற சத்தம், அவள் திரும்பியும் பார்க்கேல்லை.

அஞ்சும் மூண்டும். எட்டு. இனி எட்டு வேணும், ஏழு விழக்கூடாது. கிறிகோரி பின்னாலயிருந்து அவளின்ர தோளில கைவைச்சான், எடுங்கோ கையை எண்டு கத்தோணும் போலயிருந்தது, கட்டையை நெஞ்சோட அணைச்சாள், மாதாவே, ஏழு வியாகுலம் பட்ட தாயே... மொனிகா பிறக்கேக்கையும் இவதான், கடல் தாண்டேக்கையும் இவதான், ஒன்பது விழுந்தது, ஏழு வியாகுலம் பட்ட தாயே எட்டைத் தா, நாலு விழுந்தது, எட்டைத் தா தாயே, பிள்ளைக்கு ஆறு வயசு, என்ர முகமே தெரியாது...

நாலும் மூண்டும்.

ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு, இந்தக் கையை முறிக்கோணும்... பார்த்தா டெனிஸ்டன் ஆறு லட்சத்தை எண்ணி கிறிகோரியிட்டக் குடுக்கிறான். அவன்ர காசு அங்காலப் பெட்டியில. தோற்கிற பெட்டியில.

"எனக்குத் தெரியும்தானே" எண்டு சிரிக்கிறான் மனிசன், பல்லெல்லாம் தெரிய. "நீர் எதுக்கும் ஏழு வியாகுலத்தைத்தானே கூப்பிடுவீர், பிறகு ஏழு வராம என்ன வரும்? இந்தாரும், பன்ரண்டு லட்சமும் இருக்கு."

தெருவில உப்புக்காத்து. பன்ரண்டும் சட்டைக்குள்ள பத்திரமா இருக்கு, மொனிகா வருவாள், பிறகேன் முந்தினதைவிட இப்பக் கூடுதலா வயிறு எரியுது? எட்டு விழுந்திருந்தா... கடவுளே, எட்டு விழுந்திருந்தா ரிக்கற் போயிருக்கும், அதைத்தானே நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டனான், என்ர வாயால என்ர பிள்ளைக்கு... இவன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, தோளில கையை வைச்சுக்கொண்டு நான் விழட்டும் எண்டு நிண்டிருக்கிறான். திட்டவும் ஏலாது, காசை எடுத்துத் தந்திட்டான், நாய்.

"கெதியா வாருமன்" எண்டான் கிறிகோரி, முன்னுக்கு நடந்தபடி.

"வாறன்" எண்டாள். நிண்டு அவன்ர முதுகைப் பார்த்தாள். கலியாணம் முடிச்சு ஏழு வருசம், எத்தினை தரம் தோளில கைவைச்சவன், அப்பவெல்லாம் எந்தப் பெட்டியில வைச்சிட்டு நிண்டவன், நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கேல்லையே.