மலைமேல் ஒரு நைட்டி

புகைப்படக்காரருக்குச் சீன மலை ஓவியப் பைத்தியம் பிடித்துக் கொஞ்ச காலமாகிறது. ஏறிப் பார்க்கப் பக்கத்தில் மலை கிடையாது, இருந்ததை மலையாக்கினார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியை எதிர்க் கட்டடத்திலிருந்து எடுத்தார்; அது செங்குத்துப் பாறை. மேம்பாலம் ஆறு. குழாய்கள் மூங்கில். கணினியில் எல்லாவற்றையும் மையில் தீட்டியதுபோல் கரைத்து, அழகோடு ஒட்டாததையெல்லாம் மூடுபனியால் போர்த்தினார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, கால் உடைந்த நாற்காலி எல்லாம் பனிக்குள் போயின.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கண்காட்சிக் கூடத்து அம்மா. "ஆனா இந்த மாதிரிப் படத்துல எங்கயாவது குட்டியா ஒரு ஆள் நிப்பாருங்க. அவர் இருந்தாத்தான் மலை மலையா தெரியும். ஆளோட வாங்க, வாசலுக்கு எதிர்ச் சுவரையே தர்றேன்."

அதுவரை அவர் படங்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் தொங்கியிருக்கின்றன. கைத்தடிக் கிழவர் ஒருவரை எங்கிருந்தோ பிடித்துவந்து பாறையில் ஒட்டினார். மின்கட்டணம் கட்ட வந்தவர்போல் நின்றார் கிழவர். அவரைப் படத்திலிருந்து தூக்கிவிட்டு, ஆளில்லா மலையையே அச்சகம் வைத்திருக்கும் மச்சினனுக்கு அனுப்பினார்.

திறப்பு நாள் காலையில் மச்சினன் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கூடத்துக்குத் தூக்கிவந்தான். கூடவே அவன் அக்காவும், அதாவது புகைப்படக்காரரின் மனைவியும்.

"மாமா, ஃபைலைத் தொறந்தா படத்து மேல புகை புகையா ஒரு அடுக்கு கெடந்துச்சு. பாவம், தெரியாம விட்டுட்டீங்கன்னு எடுத்துட்டேன். இப்பப் பாருங்க, பளிச்சுனு!"

பளிச்சென்றுதான் இருந்தது. தொட்டி, ஆன்டெனா, நாற்காலி, ஒன்று பாக்கியில்லை. மனைவி குனிந்தாள்.

"துணிக்கொடிக்குப் பக்கத்துல, வாயில கிளிப்போட, இது யாருங்க?"

அவரும் குனிந்து பார்த்தார்.

"என் நைட்டி எனக்குத் தெரியாதா? தண்ணித் தொட்டி, ஒடஞ்ச நாற்காலி, நானு. எல்லாத்தையும் சேத்தா மூடினீங்க?"

பனி பூசிய மும்முரத்தில் அவளை அவர் கவனிக்கவே இல்லை. அதைச் சொன்னால் இன்னும் மோசம்.

"பேசாம இருங்க மாமா, அதான் நல்லது," என்றான் மச்சினன்.

அவள் கண்ணாடியில் மூக்கு உரச நின்று, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து "ஹா!" என்று மூச்சை விட்டாள். ஏசிக் குளிரில் கண்ணாடி வெளுத்தது. தொட்டி மறைந்தது, நாற்காலி மறைந்தது. பிறகு ஓரத்திலிருந்து பனி மெல்ல விலக, மலையுச்சியில் கடுகளவு ஒருத்தி கொடிக்கம்பைப் பிடித்தபடி நின்றாள். அடுக்குமாடி திடீரென்று எவ்வளவு உயரம்!

"வந்துட்டாங்களே உங்க ஆள்!" பின்னாலிருந்து கூடத்து அம்மாவின் குரல். "வாசலுக்கு எதிர்ல மாட்டுங்கப்பா."

சாயங்காலம் படத்துக்கு முன்னால் வரிசை. வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு "ஹா" விட்டார்கள். மச்சினன் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, யோசனையே தன்னுடையதுதான் என்று அளந்துகொண்டிருந்தான். நல்ல புடவை கட்டி வந்தும் எல்லாரும் நைட்டியைத்தான் பார்க்கிறார்கள் என்று மனைவிக்கு அலுப்பு. ஆனாலும் படத்தைவிட்டு அவள் நகரவில்லை.

புகைப்படக்காரரும் வாயைத் திறந்துகொண்டு கிட்டே வந்தார். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"நீங்க வேணாம். மூடின வரைக்கும் போதும். நின்னு பாருங்க."