நார்ச்சேலைக்கு ஒரு கரை

கத்தியை இழுத்த முதல் இழுப்பிலேயே மட்டையின் சாறு தெறித்துக் கங்கம்மாளின் மடியில் விழுந்தது. வாழைக்கறை. எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது, சேலை கந்தலாகும்வரை கூடவே வரும். ஒரு கணம் அதைப் பார்த்தாள். போனால் போகிறது என்று அடுத்த மட்டையைப் பலகையில் கவிழ்த்துப் போட்டாள். அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் சாலையில் மூன்று மைல் நடந்தால் முத்துப்பேச்சியின் கிணற்றுத் தோட்டம் வரும். சுற்றிலும் பருத்தியும் கம்பும் வானத்தைப் பார்த்துக் கிடக்க, கமலைத் தண்ணீர் பாய்கிற அந்தக் கொஞ்ச இடத்தில் மட்டும் வாழை நின்றது. குலை வெட்டிய மரங்களைச் சாய்த்து மாட்டுக்குப் போடுவதுதான் முத்துப்பேச்சியின் வழக்கம்.

“மாடு திங்கிற மட்டையில சீல நெய்யப் போறியாக்கும்,” என்றாள் முத்துப்பேச்சி, வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தபடி.

“குறுக்க ஓடுற ஊடைக்கு மட்டுந்தாங்க்கா. நெடுக்க ஓடுற பாவு நூலுதான்.”

“பூக் கட்டும்போதே அந்த நாரு பொட்டுப் பொட்டுன்னு அந்துபோகும், ஆத்தா.”

“காஞ்சாத்தான் அறும். ஈரமா வச்சுக்கிட்டா அறாது.”

சொல்லிவிட்டாளே தவிர, அது அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. வெளி மட்டைகளைக் கழித்துவிட்டு, நடு மட்டைகளைப் பட்டைபட்டையாகக் கீறி, மழுங்கிய கத்தியால் சதையைச் சுரண்டினால் வெள்ளை வெளேரென்று நார் நிற்கிறது. அதைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தவேண்டும். அதுவரைதான் தெரியும். நாரைத் தறியில் ஏற்றிய யாரையும் அவள் கண்டதில்லை.

அவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்று கேட்டால் வயிறு எரியும். சண்டைக்காலம் வந்ததிலிருந்து நூலுக்குக் கார்டு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சௌடேஸ்வரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் தறிக்காரர்கள் கூடுவார்கள். தெருப் பெரியவரான சௌடையா ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயருக்குரியவர் “இருக்கேன்” என்று குரல் கொடுக்கவேண்டும், குரல் கொடுத்தவருக்கு நூல். அங்கே பெண்பிள்ளைகள் போவதில்லை. கங்கம்மாள் வீட்டுக் கார்டு அவளுடைய புருஷன் ஜோதிலிங்கத்தின் பெயரில் இருந்தது. அவன் துணிமூட்டையோடு ரங்கூனுக்குப் போனவன். அங்கே ஜப்பான்காரன் குண்டு விழுந்த வருஷம், கால்நடையாகப் புறப்படுகிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி. அதே வழியில் நடந்து ஊர்வந்து சேர்ந்த ஒருவர் மட்டும், ஓர் ஆற்றங்கரையில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததாகச் சொன்னார். “நான் பாத்தப்ப உசுரோடதாம்மா இருந்தாரு,” என்றார். மூன்றரை வருஷமாக அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நெற்றிக்கு இட்டுக்கொள்கிறாள்.

சண்டை முடிகிறவரை சௌடையாவும் குறை வைக்கவில்லை. ஜோதிலிங்கம் ரங்கூனில் இருக்கிறான் என்று சொல்லி, அவன் பங்கை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். சண்டை முடிந்தது. மறுமாதமே அந்தப் பெயரை வாசிப்பதை நிறுத்திவிட்டார். கேட்கப் போனவளிடம் தமிழில் பேசினார். வீட்டில் எல்லோரும் பேசுவது கன்னடம், இவரோ அவளுக்கு மாமனார் முறை, தூக்கி வளர்த்த பிள்ளையின் பெண்டாட்டி இவள். ஆனால் பெரியவர் என்ற தோரணை வந்துவிட்டால் சௌடையாவுக்கு நாக்கில் தமிழ்தான் வரும்.

“வர்றவுக எல்லாம் வந்துட்டாகம்மா. காலமாயிட்டாருன்னு ஒரு கைநாட்டு வச்சுக் குடு. கார்டை ஒம்பேருக்கு மாத்திருவோம். பொம்பள பேருல கார்டு இருக்கணும்னா புருசன் இருக்கக் கூடாது, அதான் சட்டம்.”

“அவுக உசுரோட இருந்தா?”

“இருந்தா வந்து, இருக்கேன்னு சொல்லட்டும்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். நூல் வேண்டுமென்றால் புருஷனைக் கொல்லு என்று ஒரு மனிதர் வெற்றிலை மென்றுகொண்டே சொல்லுகிறார், சுற்றி நிற்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். மூன்று மாதமாக ஜோதிலிங்கத்தின் பங்கு நூல் சௌடையாவின் இரண்டாவது தறியில் ஏறிக்கொண்டிருந்தது. அது தெருவுக்கே தெரியும். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. கங்கம்மாளின் தறியில் கடைசியாக வந்த நூலில் ஓட்டிய பாவு, இரண்டு சேலை நீளத்துக்கு, ஊடை இல்லாமல் விறைத்துக் கிடந்தது.

நாரை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு நீட்டி, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் சுற்றி, ஈரத்துணியில் பொதிந்து வைத்தாள். ஆனாலும் அருப்புக்கோட்டைக் காற்று சும்மா விடுமா? ஊடையை இழுத்துக்கொண்டு நாடா நாலு தரம் போய் வருவதற்குள் நார் உலர்ந்து அறுந்தது. அழுகை வந்தது, அழவில்லை. குடத்தில் இருந்த குடிதண்ணீரை, தறிக்குக் கீழே கால் இறக்கி மிதிக்கிற குழிக்குள் ஊற்றினாள். குழி குளிர்ந்து, ஈரம் மேலே வந்து, நார் இளகிக் கொடுத்தது. அன்றிலிருந்து குடிப்பதற்கு ஒரு குடம், குழிக்கு ஒரு குடம் என்று ஆயிற்று. மட்டை அழுகிய வாடை வீட்டில் நிரந்தரமாகக் குடியிருந்தது. அவர்கள் கன்னடத்தில் நாருக்கும் நாற்றத்துக்கும் ஒரே சொல். தெருக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவள் மிதித்தாள், தறி ஓடியது.

இருபது நாளில் ஒரு சேலை இறங்கியது. வெளிர் மஞ்சளில் லேசான மினுக்கம், தொட்டால் சரசரவென்று சத்தம். கஞ்சி காட்டி அதைத் தெருவில் விரித்துக் கட்டியபோது கங்கம்மாளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. ஒரு கைநாட்டும் வைக்காமல் ஒரு சேலை.

சௌடையா வந்து நின்றார். முந்தியைத் தடவினார். முகம் கனிந்து போயிற்று.

“நார்மடி,” என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை.

“மதுரையில அக்ரகாரத்துல புருசன் செத்த அறுதலிக கட்டுறதும்மா. மடி ஆசாரத்துக்கு நாருதான் ஆகும்பாக. இந்தப் பஞ்சத்துல பாதி நாருன்னாலும் வாங்கிக்கிருவாக. ஒரு வியாபாரி எத்தன குடுத்தாலும் கேக்குறாரு. ஒண்ணே ஒண்ணு, கரை மட்டும் போட்ராத. கரை இருந்தா அறுத்தவ கட்ட மாட்டா.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “ஒன் வாயால சொல்லலன்னாலும் ஒன் கை சொல்லிருச்சு பாத்தியா. மனசு தேறிட்டன்னு தெருவில எல்லாருக்கும் நிம்மதி.”

பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் கங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சௌடையாவின் திருட்டுப் புத்தியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த இரக்கத்தைப் பொறுக்க முடியவில்லை. புருஷன் செத்தவளுக்குக் கோடித்துணி போடுகிற வேலையைக்கூட இவர்களுக்கு மிச்சம் வைக்காமல் அவளே நெய்துவிட்டாளாம். எவனும் செத்ததாகச் சேதி வரவில்லை, துக்கம் விசாரித்து முடித்துவிட்டார்கள்.

விரித்திருந்த சேலையை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே கொண்டுபோனாள். தண்ணீரில் முக்கித் தறிக்குழிக்குள் விரித்தாள். ஈரம் காக்க அது போதும்.

மறுநாள் மட்டை உரிக்கப் போனபோது முத்துப்பேச்சியிடம் சொன்னாள். முத்துப்பேச்சி மண்வெட்டியை வரப்பில் சாய்த்தாள்.

“கரை போட்டா விக்காதாக்கும்?”

“விக்காது.”

“அப்ப போடு,” என்றாள் முத்துப்பேச்சி. “எத்தன மரம் வேணும்னாலும் சாச்சுக்க.”

கரைக்குச் சிவப்பு நூல் எங்கே கிடைக்கும்? வெள்ளை நூலுக்கே வழியில்லை. கங்கம்மாள் பெட்டியைத் திறந்து கூறைப்புடவையை எடுத்தாள். ஜோதிலிங்கம் தன் கையால் நெய்தது, ஒரு சாண் அகலத்துக்கு இரண்டு பக்கமும் அரக்குச் சிவப்பு. கரையின் பாவு இழை சேலையின் முழு நீளத்துக்கும் ஓடும், அறாமல் உருவினால் ஒவ்வொன்றும் ஒரு சேலை நீளம் வரும். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இதைப் பிரிக்கலாமா என்று யாரைக் கேட்பது? கேட்கவேண்டியவன் இருந்தால் இந்தப் பாடே இல்லை. பிரித்தாள். ஊடையை வெட்டி வெட்டி எடுத்து, சிவப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவி, தறியில் மிச்சம் கிடந்த பாவின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை இழையை அறுத்துச் சிவப்பைப் புணைத்தாள். எட்டு நாள் ஆயிற்று. கண் எரிந்தது. ஒரு பகல் முழுக்க, தான் தாலியை அறுக்கிறோமா முடிகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு நார் ஊடை போட்டுச் சேலையை நெய்து இறக்கினாள். அதையடுத்து வந்த நூல் வெள்ளிக்கிழமை காலை, தலைக்குக் குளித்து, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள். கட்டுக்கு அடங்காத விறைப்பான சேலை, அடிக்கு அடி சரசரத்தது. முன்மண்டபத்தில் ஆண்கள் வழிவிடவில்லை, தடுக்கவும் துணியவில்லை. சௌடையாவுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் அகலக்கரை, விரித்து வைத்தாற்போல் தெரிந்தது.

“பொம்பளைக்கு இங்க என்ன சோலி?” என்றார் ஒருவர்.

அவள் திரும்பவில்லை. சௌடையா வாசிக்கத் தொடங்கினார். பாலையா என்றார், இருக்கேன் என்று குரல் வந்தது. அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். ஓரிடத்தில் அவர் விரல் தாளில் ஒரு வரியைத் தாண்டியது.

“மாமா,” என்றாள் கங்கம்மாள். “ஒரு பேரை விட்டுட்டிங்க.”

சௌடையா தாளைப் பார்த்தார். அவள் கட்டியிருந்த கரையைப் பார்த்தார். அந்தச் சிவப்பு அவருக்குத் தெரியாததல்ல, அந்தக் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். விரலை அந்த வரிக்கே திரும்பக் கொண்டுவந்தார். பேர் வெளியே வருவதற்கு நேரமாயிற்று.

“ஜோதிலிங்கம்.”

“இத்தாரெ,” என்றாள் அவள், வீட்டுப் பேச்சிலேயே. இருக்கிறார்.

தாளின்மேல் இருந்த அவர் விரல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கங்கம்மாள் கறை ஏறிய இரண்டு கைகளையும் நூலுக்காக நீட்டினாள். சேலை சரசரத்தது.