சோப்புத்தூள் எண்ணில் போன டிரம்கள்

துறைமுகத்துக்கு எதிரே ஒரு சுங்க ஏஜென்ட் ஆபீசில் அவளுக்கு வேலை. வந்திறங்கும் சரக்கு இன்ன வகை என்று பார்த்து, அதற்குரிய எண்ணைப் போடவேண்டும். எந்த நாட்டுச் சுங்கமும் அந்த எண்ணை வைத்துத்தான் வரி போடும், ஆபத்தான சரக்கா என்றும் பார்க்கும். அன்று காலை ஒரு வியாபாரியின் டிரம்களுக்கு, அவர் சொன்னதை நம்பிச் சோப்புத்தூள் எண்ணைப் போட்டாள். லாரி வேண்டும் என்றவரிடம் லாரி ஓட்டும் தன் அண்ணனையே கைகாட்டியும் விட்டாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ, அந்த டிரம்களிலிருந்து வந்த மாதிரிப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டாள். நுரையே வரவில்லை. நெடி மட்டும் குப்பென்று மூக்கில் ஏறியது. மகள் நீச்சல் பழகும் குளத்தில் அடிக்கும் அதே நெடி. குளோரின் தூள்! எண்ணெய் பட்டால் தானாகத் தீப்பிடிக்கிற சாமான்.

வியாபாரி போனில் சிரித்தார். "ஆபத்தான சரக்குன்னு சொன்னா கப்பல்ல ஏத்த மாட்டேங்கறாங்க மேடம். தூள்னா தூள்தானே?"

பட்டென்று வைத்துவிட்டு, டிரம்களை ஏற்றிக்கொண்டு போயிருந்த அண்ணனை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள்.

"வண்டி ஓட்டறேன்ல, என்ன அவசரம்?"

"அண்ணா, வண்டியில வேற என்ன இருக்கு?"

"ஒர்க்‌ஷாப்புக்குக் கொஞ்சம் ஆயில் டின். போற வழிதானேன்னு ஏத்திக்கிட்டேன். அதுல ஒண்ணு ஒழுகித் தொலைக்குது."

அவள் கத்தினாள். "ஓரங்கட்டு. இறங்கி ஓடு!"

"வெயில் தலைக்கேறிடுச்சா உனக்கு?"

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இறங்குண்ணா!"

பிரேக் கிறீச்சிட்டது. கதவு திறக்கும் சத்தம். "அய்யோ, பின்னாடி புகையுதுடி..." லைன் அறுந்தது.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னாள். எந்தச் சாலை என்று அவளுக்கே தெரியாததால் அண்ணனின் லாரி எண்ணைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் எண் ஒளிர்ந்தது. எடுக்கத் தைரியமில்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்து வந்தது தெரியாத எண்.

"நான்தான்," இருமிக்கொண்டே பேசினான் அண்ணன். "ஓடறப்ப போன் விழுந்துடுச்சு. வண்டி மொத்தமும் போச்சு. எனக்கு ஒண்ணுமில்ல, அழாதே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே எதிரே துறைமுகத்திலிருந்த சுங்க அதிகாரி அறைக்குப் போனாள்.

"அந்த எண்ணைப் போட்டது நான்தான் சார்."

அவர் முழுவதும் கேட்டார். திட்டவில்லை. "போன வாரமும் இந்த ஆளுக்குச் சரக்கு வந்துதே. அதுக்கும் இதே எண்தானா?"

"ஆமா சார்."

"அது இப்ப எந்தக் குடோன்ல இருக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. அதிகாரி போனை அவள் பக்கம் நகர்த்தினார். வியாபாரியின் எண்ணை அழுத்தினாள். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.