காந்தம் பிடித்திருந்த வரை

பழைய இரும்பு யார்டில் அவளுக்கு 'மேல்மாடி' என்று பேர். மூன்று மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவளுக்குப் பொருத்தமான பேர்தான். ஆனால் அதை வைத்தது அவளுடைய நாத்தனார்.

"எங்க அண்ணி வேலை செய்யறதுதான் மேல்மாடியில. அவங்க மேல்மாடியில ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிச் சொல்லியே பரப்பிவிட்டாள்.

நாத்தனாருக்கும் அதே யார்டில்தான் வேலை. செம்பு, பித்தளை, அலுமினியம் எதையும் கிரேனில் தொங்கும் காந்தம் சீண்டாது. கிரேன் இரும்பை அள்ளிக்கொண்டு போனபின் மிஞ்சுகிறவற்றைக் கையால் பொறுக்கி எடுப்பவள் அவள். தனக்கு வந்த ஒரு வரனை "இந்த ஆள் வேண்டாம்" என்று அண்ணி தட்டிக் கழித்ததிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் கிரேனுக்குக் கீழே நிற்பவர் மேலே இருப்பவருக்குச் சைகை காட்டியே ஆகவேண்டும். அதனால் வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இருவரும் யார்டில் நாள் முழுக்கக் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் காந்தத் தட்டு நிறைய பழைய எஞ்சின்களும் தண்டவாளத் துண்டுகளும் ஒட்டியிருந்தன. அண்ணி மேலிருந்து மணியடித்துவிட்டுக் கிரேனை நகர்த்தினாள். நாத்தனார் வழக்கம்போல ஒதுங்கி ஓடினாள். ஓடும்போது குவியல் சரிந்தது. ஒரு இரும்பு உத்திரம் உருண்டு வந்து அவள் முழங்காலுக்குக் கீழே அமுக்கிவிட்டது.

மேலே இருந்தவள் உடனே நிறுத்தினாள். ஆடிக்கொண்டே வந்த சுமை சரியாக நாத்தனாரின் தலைக்கு மேல் வந்து நின்றது. பின்னால் இழுக்கலாம் என்று நெம்புகோலில் கை வைத்தாள். அந்த நொடியில் மின்சாரம் போயிற்று.

யார்டில் இருந்த எல்லா இரைச்சலும் ஒரே மூச்சில் அடங்கியது. கூண்டுக்குள் ஒரு மணி மட்டும் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. காந்தம் இனி பேட்டரியில் நிற்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தட்டுக்குள் இருப்பது கம்பிச் சுருள்தான். சுருளில் மின்சாரம் ஓடும்வரைதான் அது காந்தம். ஓட்டம் நின்றால் வெறும் இரும்புத் தட்டு, ஒட்டியிருப்பதெல்லாம் கீழே வந்துவிடும். கிரேனின் பிரேக் இதற்கு நேர்மாறு. ஸ்பிரிங் எப்போதும் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும், மின்சாரம் வந்தால்தான் அங்கே இருக்கும் காந்தம் அந்தப் பிடியை விலக்கும். ஆகவே கிரேன் இப்போது அசையாது. அசையாத கிரேனில், பேட்டரியின் தயவில், அத்தனை இரும்பும் ஒரு மனுஷியின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் கிட்ட போகாதீங்க!" என்று மேஸ்திரி கீழே கத்தினார். "எலக்ட்ரீஷியன் எங்கய்யா? ஜெனரேட்டரைப் போடச் சொல்லு!"

"ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேங்குது மேஸ்திரி!"

பேட்டரி மீட்டரின் முள் சரிந்துகொண்டிருந்தது. பேட்டரிகள் பழசு என்பது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து உழைத்த சுருள் வேறு கொதித்துக் கிடந்தது. கம்பி சூடேறினால் மின்சாரம் குறையும், பிடியும் தளரும். முதலில் ஒரு போல்ட் விழுந்தது. பிறகு ஒரு தகரத் துண்டு நாத்தனாரின் தோளுக்குப் பக்கத்தில் வந்து குத்தி நின்றது.

"அண்ணி!"

அத்தனை நாள் கேட்காத குரல்.

"அண்ணி, விட்டுடாதீங்க! பிடிச்சுக்கோங்க!"

பிடித்துக்கொண்டிருப்பது நானில்லையே என்று நினைத்தாள். கூண்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

கிரேனின் உத்திரத்தை ஒட்டி ஒற்றை ஆள் நடக்கும் பாதை இருந்தது. பராமரிப்புக்காரர்கள்கூட இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டுதான் அதில் போவார்கள். பெல்ட் மாட்ட நேரமில்லை. கம்பியைப் பிடித்தபடி நடந்தாள். சுமையைத் தாங்கும் டிராலி நடுவில் நின்றிருந்தது. அதன் மோட்டார் முனையில் கையால் சுற்றும் ஒரு சக்கரம் உண்டு. பக்கத்தில் பிரேக்கை விலக்கும் பிடி. பயிற்சியின்போது ஒருமுறை சுற்றிப் பார்த்தது. அதோடு சரி.

ஒரு கையால் பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினாள். டிராலி ஒரு முனகலோடு நகர்ந்தது.

கீழே அலறல். குனிந்து பார்த்தாள். சுமை விலகவில்லை, அவள் உடம்புக்கு மேலாக இன்னும் உள்ளே போயிருந்தது. எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறாள்.

"ஐயோ, என்னைக் கொன்னுடாதீங்க அண்ணி!"

மறுபக்கம் சுற்றினாள். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது, முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் சுற்றினாள். ஒரு சுற்றுக்கு டிராலி ஒரு விரல்கடைதான் நகர்ந்தது. கீழே டங், டங்கென்று துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள்.

திடீரென்று கூண்டுக்குள் மணி நின்றது.

சுமை விழுந்த அதிர்ச்சியில் உத்திரமே துள்ளியது. துருத் தூசி செம்மண் புயல்போல மேலே எழுந்து வந்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை.

"ஏய்! பேசுடி!" என்று அவள் கத்தினாள். "வாய் ஓயாம பேசுவியே, இப்ப பேசு!"

தூசி அடங்குவதற்குள் அவள் எத்தனை முறை கூப்பிட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

பிறகு ஓர் இருமல் கேட்டது.

"காலு போச்சு அண்ணி..." மறுபடியும் இருமல். "நான் இருக்கேன்."

மேஸ்திரியும் இன்னும் நாலு பேரும் கடப்பாரையோடு பாய்ந்து காலை அமுக்கியிருந்த உத்திரத்தை நெம்பினார்கள். விழுந்த இரும்பு நாத்தனாரின் இடுப்புக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போனபிறகும் மேலே இருந்தவளால் இறங்க முடியவில்லை. மோட்டாரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளை மேஸ்திரிதான் மேலே ஏறி வந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

"முடிஞ்சுபோச்சும்மா. வா, கீழ போவோம்."

ஆஸ்பத்திரியில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த நாத்தனார் அவளைப் பார்த்ததும், "முதல்ல எதிர்ப்பக்கம் சுத்துனீங்களே, வேணும்னுதானே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நாத்தனார் பயந்துபோய், "சும்மா சொன்னேன் அண்ணி, சும்மா" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

யார்டில் புது பேட்டரிகள் வந்தன. எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை அணைத்து, சுமை நிற்பதை அவள் கண்முன்னே காட்டினார். அவள் மறுபடியும் மேலே ஏறினாள். ஆனால் பாதிச் சுமைக்கு மேல் தூக்குவதில்லை. யாரும் அவளை அவசரப்படுத்தவும் இல்லை.

பயம் வீடுவரை கூடவே வந்துவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றதுதான் தாமதம், பக்கத்தில் இருந்தவரைப் பிடித்து ஒரே இழுப்பாகத் தன் பக்கம் இழுத்துவிட்டாள். தட்டும் தண்ணீரும் கவிழ்ந்தன.

"என்னடி இது, பேய் பிடிச்ச மாதிரி!" என்று இருட்டில் மாமியார் சீறினார்.

"அம்மா, திட்டாதே" என்றது நாத்தனாரின் குரல். ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம் நெருங்கி வந்தது. "அண்ணி, நான் இங்கதான் இருக்கேன். மேல ஒண்ணும் இல்ல. வெறும் ஃபேன்தான்."

அவள் தலையாட்டினாள். ஆனாலும் விளக்கு வரும்வரை மாமியாரின் கையை விடவில்லை.