பிரித்து ஒட்டிய பெட்டி

புது லேப்டாப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டுநாடா இரண்டு அடுக்காக இருந்ததை அவள் முந்தின நாளே கவனித்துவிட்டாள். முதல் நாடாவைக் கத்தியால் கீறிப் பிரித்து, அதன்மேல் இன்னொன்று ஒட்டப்பட்டிருந்தது. "உன் டைப்பிங் வேலைக்கு ஆகும்" என்று நீட்டிய கணவன், எதற்குப் பிரித்தான் என்று சொல்லவில்லை.

போன தடவை அவன் வாங்கித் தந்தது செல்போன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அதில் அம்மாவிடம் கிசுகிசுத்ததை, அன்று சாப்பிடும்போது ஒரு வார்த்தை பிசகாமல் அவளிடமே சொல்லிக் காட்டினான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அதனால்தான் இன்று அவன் வேலைக்குப் போனதும், போனைக் கட்டிலில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, நாலு தெரு தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும், தெரிந்த அக்காவிடம் ஓடி வந்திருந்தாள். பதினோரு மணிக்கு வெளியூர் விடுதிக்காரம்மா வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவார்கள். வார்டன் வேலை, தங்க அறையும் உண்டு. அது கிடைத்தால் அவள் அந்த வீட்டை விட்டுப் போய்விடலாம். கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டரிலும் அக்காவின் பட்டன் போனிலும் கேமரா கிடையாது.

"பேய் ஓட்டுற வேலைதான்டி இது, சாம்பிராணி மட்டும் இல்ல" என்று அக்கா பென்டிரைவைச் செருகினாள். "எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது. அழிச்சா திரும்ப வராது."

"அழிங்கக்கா. சீக்கிரம்."

நீலத் திரையில் எண்கள் நத்தையாய் ஊர்ந்தன. அறுபது சதவீதத்தைத் தாண்டும்போது அக்காவின் கை மேசையில் அப்படியே நின்றது.

"என்னக்கா?"

"உள்ள வேவு பாக்க ஏதாச்சும் வச்சிருந்தார்னா, அது அப்பப்ப அவருக்கு ஆஜர் சொல்லிட்டிருந்திருக்கும். இப்ப ஊமையாயிடுச்சுன்னா அவருக்குச் சந்தேகம் வராதா?"

"வச்சிருந்தாரா?"

"அதைப் பாக்காமத்தானே அழிச்சுத் தொலைச்சேன். அவசரத்துல என் புத்தி எங்க போச்சோ."

ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். அவன் ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கலாம். இனி அது அவளுக்குத் தெரியப்போவதில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரை வெளிச்சமாயிற்று. பழைய கடவுச்சொல் எதையும் போடாதே என்று அக்கா எச்சரித்தாள். அவள் புதிதாக ஒன்றை அடித்தாள். இரண்டு தடவை விரல் நழுவியது. பின்னறையில், உடைந்த கீபோர்டு அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினாள். விடுதிக்காரம்மா கடைசியில் ஒன்றுதான் கேட்டார்கள்.

"எப்பம்மா வர முடியும்?"

"நாளைக்கே வந்துடறேம்மா."

"வாங்க."

அக்கா அவள் தலையில் லேசாகக் குட்டினாள். "பெட்டியில வச்சு, இருந்த மாதிரியே ஒட்டிடு. காலையில பஸ் ஏறுற வரைக்கும் வாயத் திறக்காத."

நாலு தெருவையும் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டு வாசலில் அவன் பைக் நின்றது. மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. பக்கத்தில் போய் எஞ்சின்மேல் விரலை வைத்தாள், சுட்டது. உள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. சூடு ஆறும் இரும்பு மட்டும் டிக், டிக்கென்று சொடுக்கிக்கொண்டிருந்தது.